ஒரு ரீங்காரச்சிட்டுக்குப் பெயர் வைக்கப் போனேன்

வுப்பர்டாலில் ரயில் தரையில் ஓடுவதில்லை. ஆற்றின் இரு கரையிலும் இரும்புக் கால்களை அகட்டி ஊன்றி, உச்சியில் தண்டவாளம் போட்டு, அதில் பெட்டிகளைத் தொங்கவிட்டிருக்கிறார்கள். கீழே குனிந்தால் ஆறு, சாயப்பட்டறை, யாரோ வீட்டுக் கொல்லையின் முட்டைக்கோஸ் பாத்தி. வளைவில் பெட்டி ஒரு பக்கமாகச் சாயும்போது உள்ளூர்க்காரர்கள் நிதானமாகப் பேப்பரின் அடுத்த பக்கத்தைப் புரட்டுகிறார்கள். நான் இரண்டு கையாலும் கம்பியைக் கட்டிக்கொண்டு நின்றேன்.

இறங்கவேண்டிய நிறுத்தத்தின் பெயரையும் போகவேண்டிய வீட்டின் விலாசத்தையும் ஒரு தாளில் எழுதிச் சட்டைப்பையில் வைத்திருந்தேன். அதை எடுக்க வேண்டுமானால் கம்பியை விடவேண்டும். விடவில்லை. கடைசி நிறுத்தம் வரை போய், எதிர்ப்பக்கம் ஏறி, அந்தக் கடைசி வரை போய், மறுபடியும் ஏறினேன். மூன்றாவது சவாரியில், கனத்த மேல்கோட்டுக்குள்ளிருந்து தலையை மட்டும் நீட்டிய ஒரு கறுத்த மனிதர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அண்ணை, நீங்கள் தமிழோ?"

"ஆமா" என்றேன். ஏழு மாதமாக நான் எவரிடமும் தமிழில் ஆமா என்று சொன்னதில்லை.

"நான் போகேக்கையும் நிண்டனீங்கள், வரேக்கையும் நிக்கிறியள். எங்க இறங்கவேணும்? விலாசம் எழுதின தாள் ஏதும் இருந்தால் காட்டுங்கோ."

அவர் பெயர் கனகரத்தினம். சாவகச்சேரிக்காரர். ரிப்பன் நெய்யும் தறி இயந்திரங்களைப் பழுதுபார்க்கப் பயிற்சி பெற வந்திருந்தார். என்னைவிட ஏழெட்டு வயது இளையவர். தாளைப் படித்ததும் அவர் முகம் மலர்ந்தது. "இது ஓர்ட்மான் வீடெல்லோ. அவையின்ர பழைய பக்டரியிலதான் நான் தறி பழகிறன். அந்த வீட்டில உங்களுக்கு என்ன வேலை?"

"செத்த பறவைகளைப் பார்க்கணும்" என்றேன். அவர் தாளை மறுபடி ஒருமுறை படித்தார்.

இது நடந்தது அறுபத்தொன்பதாம் ஆண்டு நவம்பரில். அப்போது நான் பாளையங்கோட்டையில் ஒரு கல்லூரியில் விலங்கியல் வாத்தியார். கொடைக்கானல் மலையின் தேன்சிட்டுகளைப் பற்றி நாலைந்து பக்கம் எழுதியிருந்ததை நம்பி ஒன்றரை வருட உதவித்தொகை கொடுத்து பிராங்பேர்ட்டுக்கு அழைத்துவிட்டார்கள். ஒரே வகைப் பறவை இடத்துக்கு இடம் எப்படி மாறுகிறது என்று அளக்கும் முறையை நான் கற்றுக்கொள்ள வேண்டும். அங்கே போய்ச் சேர்ந்த பிறகுதான், அவர்களிடம் நம் ஊர்த் தேன்சிட்டு ஒரு கைப்பிடிகூட இல்லை என்று தெரிந்தது. பேராசிரியர் கொஞ்சமும் அலட்டிக்கொள்ளாமல் வேறொரு இழுப்பறையை என் பக்கம் தள்ளினார். அதில் ரீங்காரச்சிட்டுகள் இருந்தன.

ரீங்காரச்சிட்டு நம் நாட்டில் கிடையாது. அது அமெரிக்கக் கண்டங்களுக்கே சொந்தம். ஜெர்மன்காரர்கள் கோலிபிரி என்கிறார்கள். எனக்கு வாய்த்தது மெக்சிகோவிலிருந்து ஹோண்டுராஸ் வரை, மேகம் வந்து உட்காரும் மலைக்காடுகளில் வாழும் ஒரு வகை. முதுகு பச்சை, வயிறு சாம்பல், கண்ணுக்குப் பின்னால் ஒரு வெள்ளைக் கோடு. ஆணுக்குத் தொண்டையில் செவ்வந்திக்கல் பதித்ததுபோல ஒரு மின்னல்.

அந்தத் தொண்டைதான் மலைக்கு மலை மாறும். கிழக்கு மலைகளில் அது ரோஜா நிறம். மேற்கே, பசிபிக் கடலைப் பார்த்த மலைகளில் கத்தரிப்பூ நிறம். தெற்கே குவாதமாலாப் பக்கம் போனால் வயிறு கறுத்துவிடும். இரண்டு மலைக்கும் நடுவே கொதிக்கிற பள்ளத்தாக்கு. குளிர்க்காட்டுப் பறவை அதில் இறங்காது. ஆகவே அதது தன் மலையிலேயே கிடந்து, தன்பாட்டுக்கு வேறாகிவிடுகிறது. நம் ஊரிலும் இது உண்டு. நீலகிரியில் இருக்கும் சிரிப்பான் குருவி வேறு, பாலக்காட்டுக் கணவாயைத் தாண்டிப் பழனி மலைக்கு வந்தால் இருப்பது வேறு.

பாடம் செய்த பறவைகளுக்குக் கண்ணில் பஞ்சு வைத்து மல்லாக்கப் படுக்கவைத்திருப்பார்கள். காலில் ஒரு சீட்டு கட்டியிருக்கும். எங்கே, எப்போது, யார் பிடித்தது என்று. பூச்சி அரிக்காமல் இருக்க நஞ்சு பூசியிருப்பதால், தொட்ட கையைக் கழுவாமல் ஒரு பிஸ்கட்கூடத் தின்னக் கூடாது. தொண்டையின் நிறமோ இருட்டில் வெறும் கறுப்பு. ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து மெல்லத் திருப்பினால்தான் பற்றிக்கொள்ளும். அந்த ஊர் நவம்பரில் பகல் என்பதே பேருக்குத்தான். பதினொரு மணி ஆனதும் தட்டைத் தூக்கிக்கொண்டு ஜன்னலுக்கு ஓடுவேன். இரண்டு மணிக்கு மேல் ஒன்றும் தெரியாது. மிச்ச நேரமெல்லாம் என் அறை, என் ஹீட்டர், நான்.

அப்படி ஒருநாள் ஜன்னலில் பிடித்தபோதுதான் இரண்டு ஆண் பறவைகள் என்னை உலுக்கின. இரண்டின் சீட்டிலும் அழகான பழைய கையெழுத்தில் வெராகுரூஸ் என்று மட்டும் எழுதியிருந்தது. வெராகுரூஸ் மெக்சிகோவின் கிழக்குக் கடற்கரை. அதற்கு மேலே இருக்கும் மலைகளில் தொண்டை ரோஜா நிறமாக இருந்தாக வேண்டும். இவை இரண்டுக்கும் சுத்தமான கத்தரிப்பூ நிறம்.

பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டார். "இவை வுப்பர்டாலில் ரிப்பன் ஆலை வைத்திருந்த ஒரு குடும்பத்திலிருந்து வந்தவை. மிச்சம் இன்னும் அவர்கள் வீட்டில் இருக்கிறது. போய்ப் பாருங்கள். இதே சீட்டோடு இதே தொண்டை இன்னும் சில இருந்தால், கிழக்கு மலையில் யாரும் அறியாத ஒரு வட்டார வகை இருக்கிறது என்று அர்த்தம். அப்படியானால் பெயர் வைக்கும் உரிமை உங்களுடையது" என்றார்.

பெயர் என்றதும் எனக்கு வேறு யோசனையே வரவில்லை. சரோஜாதான். எங்களுக்குக் கல்யாணமாகிப் பதினோரு வருடம். பிள்ளை இல்லை. ஆஸ்பத்திரி, கோவில், விரதம் எல்லாம் பார்த்தாகிவிட்டது. தெருவில் எந்த வீட்டில் பெயர்சூட்டு நடந்தாலும் சரோஜா போவாள், தொட்டிலை ஆட்டிவிட்டு வருவாள், அன்று முழுக்க அதிகமாகப் பேசுவாள். நான் பேப்பரைத் தூக்கி முகத்துக்கு முன்னால் பிடித்துக்கொள்வேன். பிறகு அவளை என் அப்பாவோடு அந்த வீட்டில் விட்டுவிட்டு விமானம் ஏறிவிட்டேன். அவள் பெயரில் உலகத்தில் ஒரு பறவை இருக்கட்டும், நான் வந்ததற்கும் ஒரு அர்த்தம் இருக்கட்டும் என்று நினைத்தேன்.

ரயிலில் சந்தித்த அந்தச் செவ்வாய்க்கிழமை மாலை, இருட்டிவிட்டதால் கனகரத்தினம் என்னை ஒரு சிறிய விடுதியில் சேர்த்துவிட்டுப் போனார். புதன்கிழமை காலை கிளம்பித் தெருவுக்கு வந்தால் ஒரு கடை திறந்திருக்கவில்லை. ரொட்டிக்கடையும் அடைப்பு. ஊரே எழவு விழுந்ததுபோல இருந்தது. விடுதிக்காரம்மாவிடம் கேட்டேன். அன்று செய்த பாவங்களுக்கு வருந்திப் பிரார்த்திக்கும் நாளாம். அரசாங்க விடுமுறை. ஓர்ட்மான் வீட்டுக்கும் மறுநாள்தான் போக முடியும். நம் ஊரில் விடுமுறை என்றால் ஒலிபெருக்கி வேண்டும், பலகாரம் வேண்டும், குறைந்தது ஒரு சண்டையாவது வேண்டும். இங்கே விடுமுறை என்றால் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருப்பது.

பத்து மணிக்குள் பசி காதை அடைத்தது. கனகரத்தினம் கொடுத்திருந்த விலாசத்தைத் தேடிப் போய்க் கதவைத் தட்டினேன்.

"வாங்கோ வாங்கோ. இண்டைக்கு ஒரு கடையும் இல்லை, அண்ணை பட்டினி கிடக்கப் போறார் எண்டு இப்பதான் நினைச்சனான்" என்றார். அவர் அறையின் ஜன்னல் அந்தக் குளிரிலும் அகலத் திறந்து கிடந்தது. "மூடேலாது. கறி வாசம் படிக்கட்டுக்குப் போனால் வீட்டுக்காரி பொலிசுக்கும் சொல்லுவா. கோட்டைப் போட்டுக்கொண்டு சாப்பிடுங்கோ."

மேல்கோட்டும் மப்ளருமாக உட்கார்ந்து சாப்பிட்டேன். சோறு, தகர டப்பா மீனில் வைத்த குழம்பு, அவர் வறை என்று சொன்ன முட்டைக்கோஸ் பொரியல். மிளகாய்த்தூள் அவர் அக்கா வறுத்து இடித்து அனுப்பியது. முதல் கவளத்தில் மூக்கிலும் கண்ணிலும் தண்ணீர் கொட்டியது. எல்லாம் மிளகாயால் வந்ததல்ல. அவர் அதைக் கவனித்தும் கவனிக்காததுபோல இன்னும் கொஞ்சம் சோறு வைத்தார். அவருக்கும் இந்த ஊரில் பேச ஆள் இல்லை. இரண்டு வருடமாகத் தறியோடு மட்டும் தமிழில் கதைப்பதாகச் சொன்னார்.

வயிறு நிறைந்ததும் எனக்கு வாய் திறந்துகொண்டது. பறவை, தொண்டை, மலை, சரோஜா எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். கனகரத்தினம் கேட்டுக்கொண்டிருந்துவிட்டுத் துள்ளி எழுந்தார்.

"சரோஜா அக்காவுக்கு எழுதினீங்களோ?"

"இன்னும் கன்ஃபர்ம் ஆகலையே. நாளைக்குப் பார்த்தால்தான் தெரியும்."

"நாளைக்குப் பாக்கத்தானே போறியள்? இப்பிடியான சந்தோசத்தை ஆரும் பெட்டியில பூட்டி வைப்பினமோ? இருங்கோ, என்னட்டை ஏரோகிராம் கடிதத்தாள் இருக்கு."

பேராசிரியர் 'இருந்தால்' என்றுதான் சொல்லியிருந்தார். என் தொழிலில் அந்த 'இருந்தால்' இல்லாமல் ஒரு வரி எழுதக் கூடாது. ஆனால் ஏழு மாதத்துக்குப் பிறகு ஒரு மனிதர் எனக்காகச் சந்தோஷப்பட்டார், நானும் மனம் நிறைந்து சாப்பிட்டிருந்தேன். அவர் மேசையிலேயே உட்கார்ந்து எழுதினேன். 'சரோஜா, இனி உன் பெயரில் ஒரு பறவை உண்டு. இரண்டு ஆண்கள் என் மேசையில் இருக்கின்றன. தொண்டை கத்தரிப்பூ நிறம்.' தெருமுனையில் இருந்த மஞ்சள் தபால்பெட்டியில் போட்டுவிட்டு, தட்டியும் பார்த்தேன், உள்ளே விழுந்துவிட்டதா என்று.

வியாழக்கிழமை கனகரத்தினம் அரைநாள் விடுப்பு எடுத்துக்கொண்டு மொழிபெயர்க்க வந்தார். ஓர்ட்மான் வீடு மூன்று மாடி. அதில் ஒரே ஒரு அறையில்தான் கணப்பு எரிந்தது. அந்த ஒரு அறையில்தான் வீட்டின் கடைசி மகள், அறுபது வயதுக் குமாரி ஓர்ட்மான், இரண்டு ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு வாழ்ந்தார். மேசையில் மூன்று பேருக்குக் காப்பியும் ஆப்பிள் கேக்கும் தயாராக இருந்தன. எங்களுக்குக் கதவைத் திறப்பதற்கு முன் தலைவாரிக்கொண்டிருப்பார் போல, சீப்பு இன்னும் கையில் இருந்தது.

அவர் தாத்தா காலத்தில் அந்த ஆலையின் ரிப்பன் ஐரோப்பா முழுக்கப் பெண்களின் தொப்பியில் ஏறியது. வெறும் ரிப்பன் போதாது என்று தொப்பிக்காரர்கள் ரீங்காரச்சிட்டையும் கேட்டார்கள். தாத்தா ஹம்பேர்க் துறைமுகத்தில் பறவைகளைப் பெட்டி பெட்டியாக வாங்கி, ரிப்பனோடு சேர்த்து விற்றிருக்கிறார். அழகானவற்றில் சிலவற்றைத் தனக்கென்று வைத்துக்கொண்டார். அவைதான் மாடியில் இருந்தன.

மாடி அறையில் மூச்சு விட்டால் புகை வந்தது. மூன்றாவது இழுப்பறையை இழுத்தேன். என் பறவை ஐந்து இருந்தன. ஒவ்வொன்றாக ஜன்னலுக்குக் கொண்டுபோய்த் திருப்பினேன். ஐந்துக்கும் கத்தரிப்பூத் தொண்டை. ஐந்திலும் அதே கையெழுத்து, அதே வெராகுரூஸ்.

"கிடைச்சிட்டுது போல!" என்று கனகரத்தினம் என் முதுகில் தட்டினார். அந்தக் குளிரில் எனக்கு வியர்த்தது. உலகத்திலேயே கெட்டிக்காரன் நான்தான் என்று தோன்றியது. அந்த மிதப்பில், எந்தக் காரணமும் இல்லாமல், நான்காவது இழுப்பறையையும் இழுத்தேன்.

அதில் ஒரு வாள்மூக்கு கிடந்தது. வாள்மூக்கு என்பது வேறொரு ரீங்காரச்சிட்டு. உடம்பைவிட மூக்கு நீளம். பார்த்தவர்கள் வேறு எதோடும் குழப்பிக்கொள்ள முடியாது. அது தென்னமெரிக்காவில் ஆண்டிஸ் மலையில் மட்டும் வாழ்வது. மெக்சிகோ மண்ணை அது கனவில்கூட மிதித்ததில்லை. அதன் காலில் கட்டியிருந்த சீட்டைத் திருப்பினேன். அதே அழகான கையெழுத்து. வெராகுரூஸ்.

பக்கத்தில் இருந்ததையும் திருப்பினேன். அதற்கடுத்ததையும். எங்கெங்கோ பிறந்த பறவைகள் எல்லாவற்றுக்கும் வெராகுரூஸ்தான் சொந்த ஊர்.

"அந்த அம்மாவிடம் கேளுங்க, இந்தச் சீட்டை யார் எழுதினது?"

குமாரி ஓர்ட்மான் மேல்படியில் நின்றபடி நீளமாகப் பதில் சொன்னார். கனகரத்தினம் என் முகத்தைப் பார்த்துக்கொண்டே மெதுவாக மொழிபெயர்த்தார். "தாத்தாவிட்டைக் கணக்கெழுதின கிளாக்கர் ஒருத்தராம் அண்ணை. பெட்டி எந்தத் துறைமுகத்தில கப்பல் ஏறினதோ, அந்தப் பேரை எல்லாத்துக்கும் இருந்து எழுதிக் கட்டினவராம். தொப்பி தைக்கிறவைக்கு மலை என்னத்துக்கு எண்டு கேக்கிறா."

என் பறவைகள் கிழக்கு மலையில் பிடித்தவை அல்ல. மேற்கு மலைகளில் பிடித்து, கிழக்குத் துறைமுகத்தில் கப்பல் ஏற்றியவை. கத்தரிப்பூத் தொண்டையோடு அங்கே எல்லாருக்கும் தெரிந்த வகைதான். இதில் வெட்கக்கேடு என்னவென்றால், என் அளவுகளே அதைச் சொல்லியிருந்தன. இறக்கை, வால், மூக்கு மூன்றும் மேற்கத்திப் பறவையோடு அச்சாகப் பொருந்தியதைப் பிராங்பேர்ட்டிலேயே நோட்டில் குறித்திருந்தேன். சீட்டில் ஊர் பெயர் இருக்கிறதே என்று பறவையை விட்டுவிட்டுச் சீட்டை நம்பினேன். எங்கள் தொழில்காரனைத் தவிர வேறு யாரும் இந்தத் தப்பைச் செய்ய மாட்டார்கள்.

அப்போதுதான் தபால்பெட்டி நினைவுக்கு வந்தது. அதற்குள் கீழே போய்க் கேக் வெட்டக் கத்தியைக் கையில் எடுத்திருந்த குமாரி ஓர்ட்மானிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் படியிறங்கி ஓடினேன். அந்த அம்மாவின் மூன்று தட்டுகளும் அப்படியே இருந்தன. இதை எழுதும்போது எனக்கு அதுவும் உறுத்துகிறது.

பெட்டியருகே தபால்காரர் பையை மூடிக்கொண்டிருந்தார். பின்னாலேயே ஓடிவந்த கனகரத்தினம் மூச்சிரைக்கக் கெஞ்சினார். தபால்காரர் தொப்பியைச் சரிசெய்துகொண்டு சொன்னது இதுதான்: "பெட்டிக்குள் விழுந்ததை நான் யாருக்கும் தர முடியாது. திரும்ப வேண்டுமென்றால் தபால் நிலையத்தில் விண்ணப்பம் கொடுங்கள்."

தபால் நிலையத்தில் ஒரு பெண் முகம் கோணாமல் அதற்கான படிவத்தைத் தேடி எடுத்தார். கடிதம் எப்படி இருக்கும், என்ன மை, யார் கையெழுத்து எல்லாவற்றையும் எழுதச் சொன்னார். நான் பிறந்த ஊரையும் கேட்டார். எழுதி முடித்து, அவர் இரண்டு முத்திரை குத்தி, உள்ளே போய்விட்டு வந்து சொன்னார்: விமானத் தபால் பை அப்போதுதான் கிளம்பிவிட்டதாம். படிவத்தின் நகலை எனக்கே கொடுத்தார். நம் ஊர்த் தபால்காரராக இருந்தால் திட்டிக்கொண்டே கடிதத்தைத் தந்திருப்பார்.

வெள்ளிக்கிழமை ஸ்டேஷனுக்கு வழியனுப்ப வந்த கனகரத்தினம் மிளகாய்த்தூள் பொட்டலம் ஒன்றை என் கையில் திணித்தார். தரையைப் பார்த்துக்கொண்டு பேசினார். "அண்ணை, குறை நினைக்காதேங்கோ. வாள்மூக்கு இஞ்ச மேல்மாடியில கிடக்கு. பிராங்பேர்ட் ஆக்கள் ஆரும் இஞ்ச வந்து பாக்கப் போயினமோ? ஐஞ்சு இருக்கு எண்டு மட்டும் சொன்னால் பொய்யும் இல்லை. நான்தானே உங்களை எழுதச் சொன்னனான்."

"நான்தான் எழுதினேன்" என்றேன். உண்மையைச் சொன்னால், அந்த யோசனை அவர் சொல்வதற்கு முன்பே எனக்கு வந்துவிட்டிருந்தது.

ரயில் பெட்டியில் எதிரே ஒரு வயதான தம்பதி. நான் கண்ணை மூடியிருந்ததால் தூங்குவதாக நினைத்துப் பேசிக்கொண்டார்கள். அந்த அளவு ஜெர்மன் எனக்குப் புரியும்.

"இந்தியாவாக இருக்கும்."

"இல்லை, பாரசீகம். மூக்கைப் பார்."

"கேட்டுப் பாரேன்."

"எதற்கு?"

அவர்கள் கேட்கவில்லை. நானும் கண்ணைத் திறக்கவில்லை. ரைன் நதிக்கரை நெடுக மழை பெய்துகொண்டிருந்தது. இந்த நாட்டில் யாராவது என்னை எதையாவது கேட்க மாட்டார்களா என்று அன்று நான் ஏங்கியது நிஜம்.

ஐந்து இருக்கின்றன என்று மட்டும் சொல்லிவிடலாம். பேராசிரியர் நம்புவார். பெயர் அச்சாகும். சரோஜா அந்தப் பக்கத்தைக் கண்ணாடி போட்டு மாட்டுவாள். ஆனால் என்றைக்காவது என்னைப்போல ஒருவன் அந்த நான்காவது இழுப்பறையைத் திறப்பான். சரோஜாவின் பெயரின் மேல் ஒரு கோடு போட்டு, பக்கத்தில் பிழை என்று எழுதுவான். பிள்ளை இல்லாதவள் என்று தெருவே ஒருமுறை அவள் மேல் கோடு போட்டாகிவிட்டது. இன்னொரு கோட்டுக்கு நானே வழி செய்ய முடியாது. என் நேர்மை அவ்வளவுதான். அதற்கு மேல் பெரிதாகச் சொல்லிக்கொள்ள ஒன்றுமில்லை.

சனிக்கிழமை பேராசிரியரிடம் வாள்மூக்கைப் பற்றிச் சொன்னேன். அவர் திட்டவில்லை, தேற்றவும் இல்லை. மேசை இழுப்பறையிலிருந்து இரண்டு வெள்ளைச் சீட்டும் நூலும் எடுத்து வைத்தார். "பழைய சீட்டைக் கழற்றக் கூடாது. பொய்யாக இருந்தாலும் அது அதன் காலிலேயே இருக்கட்டும். பக்கத்தில் உங்களுடையதைக் கட்டுங்கள். உங்கள் பெயர் எழுதுங்கள். தேதி போடுங்கள்" என்றார். அங்கே அதுதான் வழக்கம். 'வெராகுரூஸ் ஏற்றுமதித் துறைமுகம் மட்டுமே. பிடித்த இடம் தெரியாது' என்று இரண்டு சீட்டிலும் எழுதி, கீழே என் பெயரைப் போட்டேன். அந்தக் கால்கள் குண்டூசிக் கனம்தான் இருக்கும். முடிச்சுப் போட எனக்கு வெகு நேரம் பிடித்தது.

அன்றே சரோஜாவுக்கும் எழுதினேன். வாள்மூக்கு, துறைமுகம், என் அவசரம் எதையும் மறைக்கவில்லை. ஆனால் கடிதங்களுக்கு வரிசை தெரியுமே தவிர இரக்கம் தெரியாது. இரண்டு வாரம் கழித்து வந்தது என் முதல் கடிதத்துக்கான பதில்.

'எதிர்வீட்டு அக்காவிடம் மட்டும்தான் சொன்னேன், சாயங்காலத்துக்குள் தெருவுக்கே தெரிந்துவிட்டது. வெள்ளிக்கிழமை பாயசம் வைத்து எல்லா வீட்டுக்கும் கொடுத்தேன். மாமாவும் இரண்டு டம்ளர் குடித்தார்கள். பெயர் வைக்கிற நாள் எது என்று முன்கூட்டியே எழுதவும், நல்ல நாளா என்று பார்க்க வேண்டும். அது என்ன சாப்பிடும்?'

அந்தக் கடிதத்தை மடித்து வைத்துவிட்டு அடுத்த ஐந்து நாட்கள் நான் எப்படி இருந்தேன் என்பதை எழுதத் தெரியவில்லை. காலையில் ஜன்னலுக்குப் போனேன். அளந்தேன். கை கழுவினேன். ரொட்டி தின்றேன். தெருவில் போகிற எவரையாவது நிறுத்தி, என் மனைவி பாயசம் வைத்துவிட்டாள் என்று சொல்லலாமா என்றுகூட இருந்தது.

ஆறாவது நாள் மத்தியானம் இரண்டாவது பதில் வந்தது. ஆய்வுக்கூடத்தின் ஜன்னலருகே நின்று பிரித்தேன். எப்போதும் இரண்டு பக்கம் நிறைய எழுதுகிறவள், அரைப் பக்கம் எழுதியிருந்தாள்.

'உங்கள் கடிதம் கண்டேன். தெருவில் நான் ஒன்றும் சொல்லவில்லை, சொல்லவும் போவதில்லை. என் பெயர் அதற்கு வேண்டாம். நான் ஒருத்தி சரோஜா என்று இருக்கிறேனே, போதும். எந்த மலையில் பிறந்தது என்றுகூட யாரும் எழுதி வைக்காமல் அதை இத்தனை வருஷம் பெட்டிக்குள் போட்டு வைத்திருந்தார்களே, அதுதான் எனக்குத் தாங்கவில்லை. கல்யாணமான வருஷம் ஒரு பையன் பெயர் யோசித்து வைத்தேன். உங்களிடம் சொன்னதில்லை, நீங்கள் கேட்டதுமில்லை. அதை உங்கள் பறவை ஒன்றுக்கு வைத்துவிட்டேன். மனதுக்குள்தான், புஸ்தகத்தில் போட வேண்டாம். இரண்டும் ஆண் என்று எழுதியிருந்தீர்கள். மற்றதற்கு நீங்கள் யோசித்து வைத்திருந்த பெயரை வையுங்கள்.'

கீழே அந்தப் பெயரை எழுதியிருந்தாள். அதை இங்கே நான் எழுதப்போவதில்லை.

இழுப்பறையை இழுத்து, மற்றதைக் கையில் எடுத்தேன். வெளிச்சம் இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது. யோசித்தேன். தெரிந்த பையன்களின் பெயர்கள் வந்தன, மாணவர்களின் பெயர்கள் வந்தன, அப்பாவின் பெயர்கூட வந்தது. எதுவும் நான் யோசித்து வைத்திருந்த பெயர் அல்ல. பதினோரு வருடத்தில் அவள் ஒரு பெயரைத் தனியாகச் சுமந்திருக்கிறாள். நான் ஒன்றுகூட யோசித்து வைத்திருக்கவில்லை. அங்கேயே நின்று பறவையைத் திருப்பிக்கொண்டிருந்தேன். ஜன்னலில் வெளிச்சம் போய்விட்டது. கையில் இருந்த தொண்டை கறுப்பாகிவிட்டது.